நாற்பதுக்குக் கீழே

சென்னியப்பன் கறக்கிற பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் நாக்கு எழாது. மூன்று மாடு, காலையில் ஒன்பது லிட்டர், சாயங்காலம் ஆறு. பால் சொசைட்டியில் மீட்டரைப் போட்டால் இருபத்தெட்டுக்குக் குறைந்து நின்றதில்லை. மீட்டர் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் குண்டாகவும் மேலே குச்சியாகவும் ஒரு கண்ணாடிக் குழல். குச்சியில் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். பாலில் மிதக்கவிட்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். கெட்டிப் பாலென்றால் எண் கூடும். தண்ணீர் சேர்ந்திருந்தால் இறங்கும். இருபத்தாறுக்குக் கீழே இறங்கிவிட்டால் சொசைட்டி செக்ரட்டரி ஒரு வார்த்தை பேசமாட்டார், குடத்தை வாங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிடுவார்.

எண் கூடினால் நல்லது, இறங்கினால் கெட்டது, கோட்டுக்குக் கீழே போனால் அதோடு தீர்ந்தது. பதினோரு வருஷமாகத் தினம் இரண்டு வேளை பார்த்துப் பார்த்து இது சென்னியப்பனுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது. பாலுக்குத்தான் இந்தக் கணக்கு, மற்றதற்கு வேறு கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வந்த கஷ்டம் முழுவதும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வந்தது.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரை மாதம் அவர் மனைவி முத்தாத்தாளுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. அரிசி கொதிக்கிற வாசம் வந்தாலே எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். கண் மஞ்சளாயிற்று, பிறகு உள்ளங்கை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிப் பத்து நாள் கொடுத்தார்கள். வேப்பிலையால் மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். பதினோராம் நாள் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் பூவாத்தாள்தான் தூக்கிவந்து படுக்கவைத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ப்ரீ டிகிரி முடித்து, பாலக்காட்டில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் சென்னியப்பன் மனைவியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். வழி முழுவதும் அவள் தலை அவர் தோளில் கிடந்தது. இருபத்து நாலு வருஷத்தில் பத்துப் பேர் பார்க்க அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. அதுவே அவருக்குப் பாதி உயிரை வாங்கிவிட்டது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"கல்லீரல் வீங்கியிருக்குதுங்க. எவ்வளவு தூரத்துக்குன்னு தெரியோணும்னா ரத்தம் டெஸ்ட் பண்ணிப்போடலாம். எஸ்.ஜி.பி.டி.ன்னு ஒண்ணு. நம்ம பக்கம் ரெண்டு மூணு எடத்துலதான் பண்றாங்க."

"எவ்வளவு ஆகுமுங்க?"

"பதினெட்டு ரூபா. ஒருக்கா எடுத்தா போதாது. பதினஞ்சு நாளைக்கு ஒருதரமா நாலு தடவ எடுத்து, எண்ணு எப்படிப் போகுதுன்னு பாக்கோணும்."

பதினெட்டு ரூபாய் என்றால் ஒரு நாள் பால் பணம், தவிட்டுச் செலவைக் கழிக்காமல். சென்னியப்பன் முகம் போன போக்கை டாக்டர் கவனித்துவிட்டார். நல்ல மனிதர். அதனால் ஒரு சலுகை செய்தார். ஒவ்வொரு தடவையும் தன்னிடம் வந்து பத்து ரூபாய் பீஸ் கொடுக்க வேண்டாம். டெஸ்டை மட்டும் எடுத்துச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நாலும் சேர்ந்த பிறகு மொத்தமாக வந்தால் போதும். நடுவில் நினைவு தப்பினாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ மட்டும் உடனே வரவேண்டும் என்றார். முப்பது ரூபாய் மிச்சமாயிற்று என்று சென்னியப்பன் கை கூப்பிக் கும்பிட்டார். அந்தச் சலுகை மட்டும் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

டெஸ்ட் எடுக்கிற இடம் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருந்தது. சகாயம் என்று ஒருவர், சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டவர், முத்தாத்தாள் கையில் ரப்பரைக் கட்டி ஊசி ஏற்றினார். கண்ணாடிக் குழாயில் அரைவாசிகூட நிறையவில்லை.

"ஏனுங்க, இத்தினூண்டு ரத்தத்துக்கா பதினெட்டு ரூபா?" என்று சென்னியப்பன் கேட்டே விட்டார்.

சகாயத்துக்கு இந்தக் கேள்வி பழக்கம்போல. கோபப்படவில்லை. "ரத்தத்துக்கு இல்லைங்க, மருந்துக்கு. பம்பாயிலிருந்து வருது. ஐஸ் பெட்டியிலேயே வெச்சிருக்கணும், ஒரு நாள் கரண்டு போனா அத்தனையும் வீண். உங்க ரத்தத்தைத் தெளியவெச்சு, மேல நிக்கிற தண்ணியை மட்டும் எடுத்து, மருந்துல கலந்து, வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் வெக்கணும். அப்புறம் இன்னொரு மருந்து. கடைசியில கலர் வரும். கலர் எவ்வளவு கெட்டியா வருதோ அவ்வளவு எண்ணு."

கெட்டியாக வந்தால் எண் கூடும். சென்னியப்பனுக்கு இதை மட்டும் இரண்டாம் தடவை சொல்லத் தேவை இருக்கவில்லை.

சாயங்காலம் சீட்டு வந்தது. இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது, எண் தெரியும். மையால் 412 என்று எழுதியிருந்தது. அதன் ஓரத்தில் அச்சில் 40 என்று இருந்தது. சகாயம் சீட்டைக் கொடுக்கும்போது புருவத்தை உயர்த்தினார். சொசைட்டியில் சென்னியப்பனின் பாலைப் பார்த்துச் செக்ரட்டரி உயர்த்துவதும் அப்படித்தான்.

"எப்படிங்க இருக்குது?"

"அதை நாங்க சொல்லக்கூடாதுங்க. டாக்டர்தான் சொல்லணும்."

"இந்த நாப்பது என்னதுங்க? அச்சுலயே போட்டிருக்குது?"

"அதுதாங்க கோடு. அதை வெச்சுத்தான் பாப்பாங்க."

இதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்? நாற்பது கோடு, முத்தாத்தாள் நானூற்றுப் பன்னிரண்டு. பத்து மடங்கு. பஸ்ஸில் திரும்பும்போது அவர் மனம் லேசாக இருந்தது. பார்த்தால்தான் ஒடிந்து கிடக்கிறாள், உள்ளே சரக்குக் கெட்டியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தோளில் கிடந்தவளிடம், "ஒண்ணும் பயமில்லை, நல்ல எண்ணு வந்திருக்குது" என்றார். அவளுக்குத் தலையாட்டவும் தெம்பில்லை.

பதினைந்து நாள் கழித்து எடுத்ததில் 236 என்று இருந்தது.

மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டார். எங்கோ பிசகு என்று திரும்பிப் போய்க் கேட்டார். சகாயம் இரண்டு தடவை போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். பாதியாகிவிட்டதே, பதினைந்தே நாளில் பாதியாகிவிட்டதே! மாத்திரை தவறாமல் கொடுத்தோமே, எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டதில்லையே என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அன்று முத்தாத்தாள் பஸ்ஸில் நேராக உட்கார்ந்துதான் வந்தாள். வழியில் ஒரு இளநீர் வாங்கச்சொல்லி மிச்சம் வைக்காமல் குடித்தாள். அதை அவர் பார்த்தார். பார்த்தது மனத்தில் பதியவில்லை. மடியில் செருகியிருந்த சீட்டுதான் மனத்தில் இருந்தது.

வீட்டில் யாருக்கும் அதைக் காட்டவில்லை. கெட்ட செய்தி, ஒருவர் சுமந்தால் போதும் என்று நினைத்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அடுத்த பதினைந்து நாளும் அந்த மனுஷன் பட்ட பாட்டை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. முத்தாத்தாள் எழுந்து முற்றம் கூட்டினால் போய் விளக்குமாற்றைப் பிடுங்கினார். "பசிக்குதுங்க, இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடச் சொல்லுங்க" என்றால் திரும்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். கடைசி ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்று நினைப்பு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இந்த மனுசனுக்கு என்ன புடிச்சுதுன்னே தெரியல. நான் சோறு திங்கறதப் பாத்து அழுவறாரு" என்று மகளிடம் சொன்னாள்.

வைகாசி நடுவில் மூன்றாவது சீட்டு வந்தது. 98.

டாக்டரிடம் ஓடியிருக்கலாம். பத்து ரூபாயோடு முடிந்திருக்கும். ஆனால் நாலும் சேர்ந்த பிறகு வா என்று சொல்லியிருந்தார்; நினைவு தப்பினால்தான் வரவேண்டும், முத்தாத்தாளுக்கு நினைவு தப்பவில்லை. அதோடு, போய்க் கேட்டு அவர் வாயால் ஒரு நாள் குறித்துச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்கு நடந்து வருவது என்கிற பயமும் இருந்தது. அந்தப் பயம்தான் பெரிது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். இரண்டு தடவையும் பாதிக்குமேல் இறங்கியிருக்கிறது. அடுத்த தடவை நாற்பதுக்குக் கீழே போய்விடும். பதினைந்து நாள் இருக்கிறது.

பதினைந்து நாளில் செய்யவேண்டியது என்ன என்று யோசித்தபோது அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. பூவாத்தாள் கல்யாணம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது தகப்பன் கையில் தாய்தான் தண்ணீர் ஊற்றவேண்டும். அவள் போய்விட்டால் ஒரு வருஷம் வீட்டில் நல்லது நடக்காது. நடக்கும்போது சித்தப்பன் சித்தியைக் கூப்பிட்டு மணையில் உட்காரவைத்துவிட்டுத் தான் தூணோரம் நிற்கவேண்டும். முத்தாத்தாள் கண்ணால் அதைப் பார்க்காமல் போகக்கூடாது. வைகாசி கடைசித் திங்கட்கிழமை முகூர்த்தம் இருந்தது.

பதினைந்து நாளில் கல்யாணத்துக்குத் தயாராக இருக்கிற மாப்பிள்ளை எப்படி இருப்பான்? காளிச்சாமி மாதிரிதான் இருப்பான். வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவன். உறவுமுறைதான், கெட்டவன் இல்லை. முப்பத்து நாலு வயது. முதல் மனைவி பிரசவத்தில் போய் மூன்று வருஷம் ஆயிற்று. கேட்டதும் சரி என்றான். பெண் ட்ரெயினிங்குக்குப் போகலாமா என்று சென்னியப்பன் இழுத்தபோது, "ஊட்டுல ஆளில்லீங்க மாமா, அம்மாவுக்குக் கண்ணு தெரியறதில்ல. மாடு கன்னைப் பாக்க ஆள் வேணுமில்லீங்களா?" என்றான். அதிலும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் கட்டுத்தரையில் பூவாத்தாளிடம் சொன்னார். அவள் கறந்துகொண்டிருந்தாள். அதே வாரம்தான் அவளுக்குப் பாலக்காட்டிலிருந்து செலக்சன் கார்டு வந்திருந்தது. வைகாசி கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேரவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. சென்னியப்பனுக்கு அது தெரியும். முகூர்த்தம் அன்றைக்குத்தான் இருந்தது, அவர் என்ன செய்வார்.

"உங்கம்மா தேற மாட்டா, அம்மணி" என்றார். "இன்னும் பதினஞ்சு நாளோ இருவது நாளோ. அவ கண்ணு பாக்க உன்னை ஒருத்தன் கையில குடுத்துட்டா எனக்கு அதுவே போதும்."

அவள் கை நின்றது. "டாக்டர் சொன்னாருங்களா?"

"சீட்டுல வந்திருக்குது."

"அந்தச் சீட்டக் காட்டுங்கப்பா. நான் பாக்கறேன்."

"வேண்டாம் கண்ணு. உனக்கு மனசு தாங்காது. அம்மாகிட்டயும் மூச்சு விட்டுறாதே."

அவள் மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மா பாக்கோணும்னா செய்யுங்கப்பா" என்றாள். செலக்சன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கறந்து முடிக்கும்வரை சென்னியப்பன் அங்கேயே நின்றார்.

முத்தாத்தாளிடம், நல்ல இடம், விட்டால் ஆனி போய் ஆடி வந்துவிடும் என்று ஏதோ சொன்னார்கள். "அவ படிக்கோணும்னு சொல்லீட்டிருந்தாளே? ரெண்டாந்தாரமாப் போறதுக்கு அவளுக்கு என்னங்க கொறைச்சல்?" என்று அவள் கேட்டாள். மகளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்குச் சம்மதம்தாம்மா" என்று பூவாத்தாள் சொல்லிவிட்டாள். நோயாளியின் பேச்சு அந்த வீட்டில் எடுபடவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, நாலாவது டெஸ்டுக்குப் போனார்கள். முத்தாத்தாள் மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறினாள். மத்தியானம் ஹோட்டலில் மூன்று இட்லி சாப்பிட்டு நாலாவதும் கேட்டு வாங்கினாள். சென்னியப்பன் தன் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

சீட்டில் 38 என்று இருந்தது.

கோட்டுக்குக் கீழே. அவருக்கு அழுகைகூட வரவில்லை. மனைவியைக் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார். "கைய உடுங்க, நடுரோட்டுல" என்று அவள் இரண்டு தடவை உதறினாள்.

டாக்டர் நாலு சீட்டையும் மேஜையில் வரிசையாக வைத்தார். "நானூத்திப் பன்னெண்டு, எறநூத்தி முப்பத்தாறு, தொண்ணூத்தெட்டு, முப்பத்தெட்டு. பலே!" என்றார். முத்தாத்தாளின் கண்ணை இழுத்துப் பார்த்தார். "பசிக்குதாம்மா?"

"நெம்பப் பசிக்குதுங்க. இவிக சோறு போட்டாத்தானுங்க."

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இன்னும் எத்தன நாளைக்குங்க, டாக்டர்?"

"எண்ணெய்ப் பலகாரம் மட்டும் இன்னும் ஒரு மாசத்துக்கு வேண்டாம்."

"அதில்லீங்க. உசுரு எத்தன நாளைக்கு நிக்குமுங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சென்னியப்பன் அழுதுகொண்டே, பால், மீட்டர், கோடு, இருபத்தாறு, நாற்பது என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினார். கல்யாணத்தையும் சொன்னார். டாக்டர் முழுவதையும் கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

"உங்க மாட்டுக்கு மடிநோவு வந்திருக்குதுங்களா?"

"வந்திருக்குதுங்க."

"அப்பப் பால்ல ரத்தம் கலந்து வருமில்ல? ரத்தம் மாட்டுக்கு நல்லதுதான். ஆனா பால்ல வரக்கூடாது. வந்தா உள்ள புண்ணுன்னு அர்த்தம். புண்ணு ஆற ஆற ரத்தம் கொறையும். இதுவும் அதேதானுங்க. இந்தச் சரக்கு கல்லீரலுக்குள்ள இருக்கோணும். கல்லீரல் புண்ணானா கசிஞ்சு ரத்தத்துல சேந்துரும். எவ்வளவு கசிஞ்சிருக்குதுன்னுதான் அந்த எண்ணு. நானூறு வந்தப்பத்தான் ஆபத்து. நாப்பதுக்குக் கீழ வந்தாச்சுன்னா கசிவு நின்னு போச்சு. உங்க ஊட்டுக்காரம்மா நல்லாயிட்டாங்க."

மடிநோவு என்றதும் சென்னியப்பனுக்கு விளங்கிவிட்டது. இரண்டாவது வார்த்தைக்கே விளங்கிவிட்டது. இத்தனை நாள் யாராவது இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்தார். யாரைக் கேட்டோம் என்று அடுத்தபடி நினைத்தபோது தலை தொங்கிவிட்டது.

பஸ் கந்தேகவுண்டன்சாவடி தாண்டியது. முத்தாத்தாள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"பசிக்குது பசிக்குதுன்னு ஒரு மாசமாச் சொன்னனே. எந்திரிச்சு நடந்தனே. எம் மூஞ்சிய ஒருக்கா நிமுந்து பாத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்காதுங்களா? காயிதத்தயே பாத்துட்டு இருந்திருக்கீங்க."

"எனக்குத் தெரியல முத்து."

"என்னைப் பொணமாக்கிப் புள்ளையக் குழியில தள்ளிப்போட்டீங்க. நீங்க கட்டுனதை நீங்களே போய் அவுத்துட்டு வாங்க. இன்னும் மூணு நாள் இருக்குதுங்க."

வேலந்தாவளத்தில் அவளை மட்டும் வீட்டுக்கு வண்டியேற்றிவிட்டு, சென்னியப்பன் காளிச்சாமி வீட்டுக்கு நடந்தார். எப்படிச் சொல்வது என்று போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். காளிச்சாமி ஏணியில் நின்று சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். மாமனாரைக் கண்டதும் குதித்து இறங்கிக் கையை வேட்டியில் துடைத்தான்.

"வாங்க மாமா, வாங்க. அத்தைக்கு எப்படிங்க?"

"நல்லாயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

காளிச்சாமி முகம் மலர்ந்துவிட்டது. வேஷமில்லை, நிஜமாகவே மலர்ந்தது. "அம்மா, அத்தைக்கு நல்லாயிருச்சாமா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். "புள்ள வர்ற நேரம்தானுங்க மாமா. பாருங்க, கல்யாணம் பேசுனதும் எழுந்துட்டாங்க." அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு மேஜையும் நாற்காலியும் காட்டினான். பழசுதான், புதிதாக வார்னிஷ் அடித்திருந்தது. "படிச்ச புள்ளை, தரையில உக்காந்து எழுதாதுன்னு சந்தையில ஒருத்தர்கிட்ட வாங்கிப்போட்டனுங்க."

கண் தெரியாத அவன் தாய் தடவித் தடவிக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். சென்னியப்பன் வாங்கிக் குடித்தார். சொல்ல வந்ததை அதோடு சேர்த்து விழுங்கினார். டம்ளரை வைத்துவிட்டு, வரட்டுமா என்று எழுந்து வந்துவிட்டார்.

முன்னால் செய்தது தெரியாமல் செய்த தப்பு. தெரியாதவனை யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. ஆனால் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினாரே, அப்போது அவருக்கு எல்லாம் தெரியும்.

வீட்டு வாசலில் பந்தலுக்குக் கால் நட்டு முடித்திருந்தார்கள். பூவாத்தாள் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் வந்து சொல்லியிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அழுதிருக்கிறாள், அது தாய் பிழைத்ததற்கான அழுகையும்தான்.

"அம்மா எல்லாம் சொன்னாங்கப்பா" என்றாள். "அந்த நாப்பதுக்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல எழுதியிருக்குமுங்க, அதுக்கு மேல போகக்கூடாதுன்னு. என்கிட்டக் காட்டியிருந்தா அரை நிமிசத்துல சொல்லியிருப்பேன். அதுக்குத்தானேங்கப்பா என்னைப் படிக்க வெச்சீங்க?"

சென்னியப்பன் பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காளிச்சாமி மாமன் ஊட்டுல சொல்லிட்டீங்களா?"

"போனேன்."

"சொன்னீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கொஞ்சம் கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"நீங்க சொல்ல வேண்டாம், சங்கட்டமா இருந்தா. நானே போய்ச் சொல்றேன். அவரு நல்ல மனுசன்தான், கேட்டுக்குவாரு. நீங்க 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. திங்கக்கெழமை பத்து மணிக்கு நான் பாலக்காட்டுல இருக்கோணும்."

ஒரு வார்த்தை. சென்னியப்பன் வாயைத் திறந்தார். மாற்றிக்கொண்ட தாம்பூலம் நினைவுக்கு வந்தது. ஒன்பது ஊருக்குச் சொல்லியாயிற்று. சொசைட்டியில் வரிசையில் நிற்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று தோன்றியது. வார்னிஷ் வாசம் இன்னும் மூக்கிலேயே இருந்தது. பெண்டாட்டி பிழைத்துக்கொண்டாள், அதனால் கல்யாணம் வேண்டாம் என்று எந்த மனுஷன் போய்ச் சொல்வான்?

"நாளைக்குப் பேசிக்கலாம், அம்மணி. இன்னிக்கு எனக்கு முடியல" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் நிமிர்ந்திருந்தால் அவளும் இன்னொரு தடவை கேட்டிருப்பாள். அவர் நிமிரவில்லை.

"செரி, உடுங்க" என்றாள் பூவாத்தாள். கறக்கிற நேரம் தாண்டியிருந்தது, மாடு கத்தியது. அவள் செம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனாள்.